ஓரின் அடைத்த இருபது தோட்டா

எங்கள் பக்கத்தில் ஒரு விதி உண்டு. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் சட்டத்தைவிடக் கெட்டி. அடுத்தவன் வீட்டில் அடைத்த தோட்டாவை உன் துப்பாக்கியில் போடாதே. அவன் வண்டியை இரவல் வாங்கலாம், அவன் வீட்டில் சாப்பிடலாம், அவன் விட்டுவிட்ட பெண்டாட்டியைக்கூடக் கட்டிக்கொள்ளலாம். அப்படிக் கட்டிக்கொண்டவர்கள் இரண்டு பேர் எங்கள் சர்ச்சில் முன்வரிசையில்தான் உட்கார்கிறார்கள். தோட்டா மட்டும் கூடாது. உள்ளே என்ன வெடிமருந்து போட்டான், எவ்வளவு போட்டான், போடும்போது யார் போன் பண்ணினார்கள் என்று உனக்குத் தெரியாது. அவன் தப்புப் பண்ணியிருந்தால் வெடிப்பது உன் கன்னத்துக்குப் பக்கத்தில்.

நான் அந்த விதியை ஒரே ஒரு தடவை மீறினேன். ஓரின் ஹால்வர்சனுக்காக மீறினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பொய் சொல்லக் கூடாது, எனக்காகத்தான் மீறினேன்.

என் பெயர் டெல்லா ப்ரூயெட். மொன்டானாவில், மலை முடிந்து கோதுமை தொடங்குகிற இடத்தில், நானும் என் புருஷன் ரஸ்ஸும் மாடு வைத்துப் பிழைக்கிறோம். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். ஊர் சொல்வது சரி.

ஓரின் எங்கள் ஊர் தானியக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் எடை போட்டவர். வடக்கு டகோடாவிலிருந்து முப்பத்து மூன்று வயதில் வந்து, எடைமேடைப் பக்கத்துச் சின்ன அறையில் உட்கார்ந்தவர், அறுபத்து நாலில்தான் எழுந்தார். கல்யாணம் இல்லை. ஸ்போகேனில் ஒரு தங்கை, கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போன். லாரி மேடையில் ஏறினதும் கண்ணாடி ஜன்னலைத் திறந்து, "காலை எடுங்க, சார்" என்பார். ஓட்டுகிறவன் மேடையில் ஒரு காலை ஊன்றி நின்றிருப்பான், வேண்டுமென்றே இல்லை, சும்மாதான். அந்தக் காலின் எடையைக்கூட ஓரின் விட மாட்டார். கோதுமை ஈரமாக இருக்கிறது என்று என் மாமனாரோடு ஒரு சண்டை, இரண்டு வருஷம் நடந்தது. கடைசியில் ஓரின் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. அதற்கப்புறம் என் மாமனார் சாகும்வரை அவரோடு பேசவில்லை. எப்போதும் சரியாக இருக்கிறவனை எந்த ஊருக்குத்தான் பிடிக்கும்?

ஓய்வு பெற்ற நாளில் கிடங்கில் கேக் வெட்டினார்கள். நானும் போனேன். நாலு பேர் நின்றுகொண்டே தின்றுவிட்டு அறுவடை வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்கள். மிச்சக் கேக்கை ஓரின் டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் தோட்டா அடைக்க ஆரம்பித்தார். ஊருக்கு வெளியே சுடும் திடல் ஒன்று இருக்கிறது. குறி பார்த்துப் பழகுகிறவர்கள் சுட்டு முடித்துப் பித்தளைக் கூடுகளை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். திடலைச் சுத்தம் பண்ணும் நாளில் ஓரின் அவற்றைப் பொறுக்கி, அளவு அளவாகப் பிரித்து, காபி டப்பாக்களில் போட்டு வைத்தார். தூக்கிப் போட மனம் வரவில்லையாம். பிறகு, செத்துப்போன ஒருவர் வீட்டுச் சாமான் விற்பனையில் தோட்டா அழுத்துகிற பழைய பிரஸ் ஒன்று வாங்கினார். அடைக்கிற முறையைச் சொல்லும் புத்தகம் வாங்கி, ஒரு துளி மருந்தைத் தொடுவதற்கு முன் மூன்று தடவை முழுக்கப் படித்தார். எங்கள் ஊரில் மற்றவர்கள் அந்தப் புத்தகத்தைப் பிரச்சினை வந்தபிறகுதான் திறப்பார்கள்.

வேலை பார்க்கச் சுலபம். காலிக் கூட்டைக் கழுவி, பிரஸ்ஸில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் புதுக் கேப்பு வைத்து, உள்ளே மருந்து அளந்து போட்டு, வாயில் குண்டை வைத்து இறுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் மருந்தைக் குறைத்துப் போட்டால் குண்டு குழாயிலேயே சிக்கும், கூட்டினால் அல்லது மாற்றினால் துப்பாக்கியே உடையும். லாரி ஓட்டுகிறவனையே காலை எடு என்று சொன்ன மனுஷன், மருந்தைத் துகள் துகளாகத் தராசில் விட்டார். அவருக்கென்றே செய்து வைத்த வேலை.

ஒரே தொல்லை, அவர் வேட்டைக்காரர் இல்லை. ஒரு துப்பாக்கிதான் வைத்திருந்தார், அதுவும் காகிதத்தைச் சுட. மாதம் ஐம்பது சுடுகிற ஆள் இருநூறு அடைத்தால் மிச்சத்தை என்ன செய்வது? பெட்டிகளில் எறும்பு எழுத்தில் தேதி, மருந்து, எடை எல்லாம் எழுதி ஒட்டி, திடலுக்கு எடுத்து வருவார். சுடுகிறவர்கள் பக்கத்தில் போய் நின்று, "உங்க அளவுதான். ஒரு பெட்டி எடுத்துக்கங்க, சும்மாதான்" என்பார்.

"இருக்கட்டும் ஓரின், என்கிட்டயே நிறைய கிடக்கு" என்பான் ஒவ்வொருவனும். அடைத்த தோட்டாவுக்குக் கடை கடையாக அலைகிறவன்கூட அப்படித்தான் சொன்னான். ஓரினுக்கும் விதி தெரியும். ஆனாலும் அடுத்த மாதம் மறுபடி பெட்டியோடு வருவார். அவர் போனதும் நாங்கள் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு அரசாங்கக் குலுக்கலில் எல்க் என்கிற பெரிய மானை வேட்டையாட அனுமதி விழுந்தது. சும்மா அனுமதி இல்லை, மேற்கு மலையில் பெரிய கொம்புக் கடா ஒன்றுக்கு. பத்தொன்பது வருஷம் சீட்டுப் போட்டுக்கொண்டே இருந்தேன். இனிமேல் என் ஆயுசில் இன்னொரு தடவை விழாது. என் அப்பாவின் துப்பாக்கியால்தான் சுடுவேன் என்று முடிவு பண்ணினேன். ரஸ்ஸின் துப்பாக்கி இருக்கிறதே என்றால், அது பின்னால் உதைக்கிற உதையில் என் தோள் கழன்றுவிடும். அப்பாவினுடையது பழைய அளவு. அந்த வருஷமோ, கடைகளில் எந்த அளவுத் தோட்டாவும் கிடைக்காத வருஷம்.

எங்கள் இரும்புக்கடை மெர்ல் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கிறிஸ்துமஸுக்குள்ள வந்தா உன் அதிர்ஷ்டம், டெல்லா."

"சீசன் அக்டோபர்ல மெர்ல், கிறிஸ்துமஸுக்கு எல்க் என்ன, கிறிஸ்துமஸ் தாத்தா வண்டிய இழுத்துக்கிட்டு என் கூரை மேலயா வந்து இறங்கப் போவுது?"

எனக்குப் பின்னால் பல்பு வாங்க நின்றுகொண்டிருந்த ஓரின் தொண்டையைச் செருமினார். "மேடம், காலிக் கூடு ஏதாவது வச்சிருக்கீங்களா?"

திரும்பினேன். கையில் பல்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நிற்கிறார். என் வீட்டில் அப்பா காலத்துக் கூடு நாற்பது இருந்தது. மெர்ல் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். பத்தொன்பது வருஷக் குலுக்கல் கண்முன்னே நின்றது. "இருக்கு. கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டேன்.

ரஸ் கேட்டதும் சிரித்தார். "அவன் அடைச்சதையா? டெல்லா, உன் மூஞ்சி ஒண்ணும் பிரமாதம் இல்லதான். ஆனா நாப்பது வருஷமா பாத்துப் பழகிட்டேன், திடீர்னு இல்லாம போனா கஷ்டமா இருக்கும்."

"அப்ப நீங்க போய்க் கடையில வாங்கிட்டு வாங்க" என்றேன்.

ஓரின் வீட்டு நிலவறைக்கு நான்தான் முதல் விருந்தாளி என்று நினைக்கிறேன். நீளமான மேசை, பிரஸ், தராசு, சுவர் முழுக்கப் பெட்டி பெட்டியாக யாருக்கும் வேண்டாத தோட்டா. மேசைக்கு முன்னால் அவர் உட்காரும் பழைய முக்காலி. அதன் பக்கத்தில் புத்தம் புதிதாக இன்னொன்று, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல். நான் அதில் உட்கார்ந்தபோது சீட்டு என் கால்சட்டையில் ஒட்டிக்கொண்டது. எனக்காக வாங்கினாரா என்று கேட்க வாய் வரை வந்தது. அபூர்வமாக அன்றைக்கு என் வாய் சும்மா இருந்தது.

"இந்த மேசையில ஒரே ஒரு விதி, மேடம்" என்றார். "ஒரு சமயத்துல ஒரு மருந்துதான் மேல இருக்கணும். மத்ததெல்லாம் அலமாரியில, பூட்டி. வேலை முடிஞ்சதும் இந்தக் குடுவையில மிச்சம் இருக்கறத அதோட டப்பாலயே கொட்டிடணும். இதை மட்டும் செஞ்சா தப்பே வராது." குடுவை என்றது மேசை ஓரத்தில் திருகி வைத்திருந்த கண்ணாடிக் குழாயை. கைப்பிடியைத் திருப்பினால் ஒரு தோட்டாவுக்கு உண்டான மருந்து கீழே விழும்.

"ஏங்க ஓரின், ஒரு துகள் கூடினா என்ன ஆயிடும்? இப்படிக் கண்ணு வலிக்கப் பாக்குறீங்க?"

"ஒண்ணும் ஆவாது. ஆனா கோதுமையில துளி ஈரத்துக்கே உங்க மாமனாரோட சண்டை போட்டவன் நான்."

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவரும் சிரித்தார். முப்பது வருஷத்தில் அவர் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தேன். பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். எந்தக் கூடு எத்தனை தடவை தாங்கும், எந்த மருந்து குளிரில் மாறும், எல்லாம். போகும்போது, "அடுத்த வாரம் திடல்ல சுட்டுப் பாக்கணும், டெல்லா" என்றார். அந்த 'மேடம்' போய்விட்டது.

திடலில் சோதனைக்கு அடைத்த பத்தைச் சுட்டேன். நூறு கஜத்தில் கடைசி மூன்று ஓட்டையையும் ஒரு காபிக் கோப்பை மூடி மறைத்துவிடும். ஓரின் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் போய் நிலவறையில் மாட்டினார். பக்கத்து மேசையில் சுட்டுக்கொண்டிருந்தவன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். ஓரினுக்கு ஒரு அடி உயரம் கூடியிருந்தது அன்றைக்கு.

அதற்கப்புறம் இரண்டு தடவை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார், கையில் டின்னில் அடைத்த பீச் பழத்தோடு. ரஸ்ஸோடு சீட்டு ஆடினார், தோற்றார், ஆடத் தெரியாமல் தோற்றதற்கே சந்தோஷப்பட்டார். பேச்சுவாக்கில் ரஸ், கரடிக்காக வைத்திருக்கும் தன் கைத்துப்பாக்கிக்கும் தோட்டா தீர்ந்துபோச்சு என்று சொல்லியிருக்கிறார். சும்மா சொன்னதுதான். ஆனால் யாரும் எதையும் கேட்காத மனுஷன் காதில் விழுந்தால் அது சும்மாவா இருக்கும்? வேட்டைக்கு இரண்டு நாள் முன்னால் என் இருபது தோட்டாவைக் கொடுத்தபோது, கூடவே ரஸ்ஸுக்கு ஒரு பெட்டியையும் நீட்டினார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

வேட்டையின் முதல் நாள் காலை. விடிகிற நேரத்தில் மேற்கு மலை ஓடைக்கு மேலே ஒரு பாறை மறைவில் படுத்திருந்தேன். ஏழரைக்குக் கடா மரத்தை விட்டு வெளியே வந்தது. கொம்பில் ஒரு பக்கத்துக்கு ஆறு கிளை. கொம்பைச் சாய்த்துச் சாய்த்துப் புல் மேய்கிறது, நூற்றைம்பது கஜம்கூட இருக்காது. எனக்கு நெஞ்சு அடித்த அடியில் அதற்குக் கேட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது. மூச்சை அடக்கி, தோட்டாவை ஏற்றி, பாதுகாப்புக் கொக்கியை விடுவித்து, விசையில் விரலை வைத்தேன். திரும்பட்டும், விலாவைக் காட்டட்டும் என்று காத்திருந்தேன்.

கீழே பள்ளத்தாக்கில் ஹார்ன் அடித்தது. ஒரு தடவை இல்லை. விடாமல், கல்யாண ஊர்வலம் மாதிரி, ஒரு பிக்கப் வண்டி ஹார்னை அழுத்திக்கொண்டே மாட்டுத் தடத்தில் ஏறி வந்தது. கடா தலையைத் தூக்கியது. அடுத்த நொடி மரத்துக்குள் போய்விட்டது. கிளை முறிகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

நான் எழுந்து நின்றேன். ஓரின், டவுன் செருப்போடு, விழுந்து எழுந்து சரிவில் ஏறி வருகிறார். கையை ஆட்டுகிறார். "சுடாதீங்க! டெல்லா, சுடாதீங்க!"

என் பக்கத்தில் வந்து முட்டியில் கையை ஊன்றி நின்றார். மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னார். காலையில் குடுவையைக் கழற்றித் துடைத்திருக்கிறார். என் தோட்டாவுக்குப் போட்ட மருந்து குச்சி குச்சியாக இருக்கும். குடுவையின் அடியிலோ தட்டைத் துகள் நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. அது ரஸ்ஸின் கைத்துப்பாக்கிக்குப் போட்ட மருந்து. என் துப்பாக்கியில் அது விழுந்தால் வெடிகுண்டுதான்.

"ரஸ்ஸோடத முடிச்சிட்டு குடுவைய முழுசா காலி பண்ணினேனா இல்லையான்னு ஞாபகம் வரல. அன்னிக்கு ரெண்டு டப்பாவும் மேசை மேல இருந்துச்சு. ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சு உங்ககிட்ட குடுக்கணும்னு... சும்மா ஒட்டின துகளா இருக்கலாம். இல்ல, முதல்ல அடைச்ச ஒண்ணு ரெண்டுல அந்த மருந்து போயிருக்கலாம். எனக்குத் தெரியல, டெல்லா. எனக்குத் தெரியல."

தெரியலையாம். பத்தொன்பது வருஷம்! எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. துப்பாக்கியைத் திறந்து, ஏற்றியிருந்த தோட்டாவை எடுத்து, பலம்கொண்ட மட்டும் சரிவில் வீசி எறிந்தேன். கல் குவியலில் எங்கோ விழுந்து டிங் என்றது.

"மனுஷனாய்யா நீ?" என்று கத்தினேன். "ஊர்ல ஒருத்தனும் உன் தோட்டாவத் தொடல. ஐயோ பாவமேன்னு நான் தொட்டேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்! உனக்கு ஏன் வீட்ல ஒரு நாய்கூட இல்லைன்னு இப்பத்தான்யா தெரியுது!"

ஓரின் நிமிர்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, வியர்வை மட்டும் இருந்தது. "பெட்டியக் குடுங்க" என்றார். கொடுத்தேன். திறந்து எண்ணினார். பத்தொன்பது. மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வந்த வழியே இறங்கினார். இறங்கும்போது ஒரு தடவை சறுக்கி உட்கார்ந்தார். நான் போய்த் தூக்கவில்லை.

மூன்று நாள் கழித்து வீட்டு வாசலுக்கு வந்தார். ஒரு சுத்தியல் இருக்கிறது, அதன் தலைக்குள் தோட்டாவைச் செருகித் தரையில் ஓங்கித் தட்டினால் குண்டும் மருந்தும் கழன்று வந்துவிடும். பத்தொன்பதையும் தட்டிப் பார்த்திருக்கிறார். சீட்டில் வரிசையாக எழுதி எடுத்து வந்திருந்தார்.

"பத்தொன்பதும் சரியா இருந்துச்சு, மேடம். மருந்தும் சரி, எடையும் சரி. ரஸ்ஸோட பெட்டியையும் குடுத்துடுங்க, பிரிச்சிடறேன்."

"அப்ப ஒண்ணும் இல்லாததுக்குத்தான் என் கடாவை விரட்டினீங்க."

"நீங்க எறிஞ்சது ஒண்ணு பாக்கி."

"போய்த் தேடிக்கங்க" என்று பெட்டியைக் கொடுத்து வலைக்கதவைச் சாத்தினேன்.

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த ரஸ், "ஒண்ணுல தப்பு இருந்துச்சுன்னு சொல்லியிருந்தா நீ அவன் கால்ல விழுந்திருப்ப. அதுகூடச் சொல்லத் தெரியல பாரு அந்தாளுக்கு" என்றார். நான் பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன்.

அந்தக் கதையை ஊரில் பரப்பினதும் நான்தான். மதுக்கடையில், சர்ச்சில், மெர்ல் கடையில், ஓரின் விழுந்து எழுந்து ஓடி வந்ததை நடித்தே காட்டினேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவரைத் தெருவில் கண்டால் பையன்கள் ஹார்ன் அடித்தார்கள். ஓரின் திடலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஆனால் அவர் பிக்கப் பனி விழும்வரை மேற்கு மலையடியில் நின்றதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். கல் குவியலில் குனிந்து குனிந்து தேடிக்கொண்டிருந்தாராம்.

நான் ரஸ்ஸின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மிச்சம் ஐந்து வாரமும் ஏறி இறங்கினேன். கடா திரும்ப வரவில்லை. சீசன் முடிந்த அன்று சாப்பாட்டு மேசையில் மறுபடி அதே புலம்பலை ஆரம்பித்தேன். ரஸ் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு அவன் என்ன கலர்ல கோட்டுப் போட்டிருந்தான்?"

"கோட்டா? பழுப்பு. வழக்கமா போடறதுதான்."

சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. முதல் நாள் வேட்டைக்கு மலையில் கால் வைக்கிற எவனும், மனுஷன் என்று தூரத்திலேயே காட்டுகிற ஆரஞ்சுச் சட்டை இல்லாமல் வைக்க மாட்டான். ஒவ்வொரு புதரிலும் ஒருத்தன் விரலை வைத்துக்கொண்டு ஏதாவது பழுப்பாக அசையாதா என்று பார்த்துக்கொண்டிருப்பான். ஓரினிடம் ஆரஞ்சுச் சட்டையே கிடையாது. அவர் வேட்டைக்காரர் இல்லையே. ஆனால் விதி தெரியும். எல்லா விதியும் தெரிந்த மனுஷன். தெரிந்துதான் பழுப்புக் கோட்டோடு என்னைத் தேடி ஏறி வந்தார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

உடனே போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பனி, மாடு, வேலை என்று ஆயிரம் சாக்கு. உண்மை என்னவென்றால் வெட்கம். ஊரெல்லாம் நடித்துக் காட்டிய வாயால் எப்படிக் கேட்பது? பனி உருகினதும் நானும் ரஸ்ஸும் போய் அந்தச் சரிவில் இரண்டு நாள் தேடினோம். கல்லுக்கு அடியில் கல். தோட்டா கிடைக்கவில்லை. அதற்குள் என்ன இருந்தது என்று யாருக்கும் இனி தெரியப் போவதில்லை.

மார்ச் கடைசியில் ஒரு பகல்வேளை ஓரின் வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டுமுன்பே கீழேயிருந்து சத்தம் கேட்டது. டொக். கொஞ்சம் இடைவெளி. டொக். அவர் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "குளிர்காலம் முச்சூடும் இதே சத்தந்தான். பகல் பூரா. என்னதான் பண்றாரோ" என்றாள்.

நிலவறையில் சுவர் காலியாக இருந்தது. ஓரின் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தார். தான் அடைத்த அத்தனை தோட்டாவையும் பிரித்துக்கொண்டிருந்தார். நாலாயிரத்துக்கு மேல். குண்டு ஒரு டப்பாவில், கூடு ஒரு டப்பாவில், மருந்து தண்ணீர் நிறைந்த வாளியில்.

"ஏங்க, ஏன்?" என்றேன்.

"ஒண்ணுல சந்தேகம் வந்தா மத்ததுல எப்படி வராம இருக்கும்?"

"எத்தனை தப்பு இருந்துச்சு?"

"இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல. இன்னும் முப்பது பாக்கி."

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "ஓரின், மலையில நான் பேசினது பேச்சே இல்ல. வாய்க்கு வந்ததைக் கத்திட்டேன். ஊர்ல சொன்னது அதைவிடக் கேவலம். என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொள்ளவில்லை.

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "உங்க கடா போச்சு. கோவம் வரத்தான் செய்யும்."

"எனக்கு மறுபடி இருபது அடைச்சுத் தாங்க. மான் சீசனுக்கு. ஊர் முன்னாடி, திடல்லயே சுடறேன். எவன் சிரிக்கிறான்னு பாக்கறேன்."

நிஜமாகத்தான் கேட்டேன். இது போதும், இதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

"இல்ல. என்னால முடியாது" என்றார். "நான் ஆயிரக்கணக்கா அடைச்சப்ப எனக்குப் பயம் இருந்ததில்ல. சுடறது நான் மட்டுந்தானே, போனா நான்தானே. அன்னிக்குக் காலையில அந்தத் துகளைப் பாத்ததும்... உங்க மூஞ்சி என் கண்ணு முன்னாடி வந்துச்சு. மலைக்கு ஓட்டிக்கிட்டு வந்த அம்பது நிமிஷமும் வந்துச்சு. எனக்கு அறுவத்தாறு வயசு. ஒருத்தருக்காக அப்படிப் பயந்ததே இல்ல. எப்படிப் பயப்படணும்னு எனக்குப் பழக்கம் இல்ல. நீங்க ஒவ்வொரு தடவை துப்பாக்கிய எடுக்கும்போதும் நான் இங்க உக்காந்து அப்படி இருக்கணும். வேணாம்."

பிறகு மீதித் தோட்டாவைப் பிரித்தார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முப்பதும் சரியாக இருந்தன. பிரஸ்ஸையும் தராசையும் ஏப்ரலில் வேறு ஊர்க்காரன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்.

ஊருக்குள் நான் அந்தக் கதையை இப்போது வேறு மாதிரி சொல்கிறேன். பழுப்புக் கோட்டைச் சொல்கிறேன். தலையாட்டிக் கேட்கிறார்கள், ஆனால் முதல் கதைதான் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது.

சாமான் வாங்கப் போகும்போதெல்லாம் ஓரின் வீட்டில் வண்டியை நிறுத்துவேன். காபி போடுவார். சமையலறையில் எதிரெதிராக உட்கார்ந்து மழை பெய்யுமா என்று பேசுவோம். தோட்டா பற்றி நான் பேச்சை எடுப்பதில்லை, அவரும் எடுப்பதில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் பேச வேறு எதுவும் இருந்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பத்து நிமிஷத்தில் கோப்பை காலியாகிவிடும். "சரி, டெல்லா" என்று அவரே முதலில் எழுந்து எனக்குக் கதவைத் திறந்துவிடுவார்.

இந்த மாதம் நான் போகவில்லை. கன்று போடும் காலம், வேலை தலைக்கு மேல் இருக்கிறது. நான் ஏன் வரவில்லை என்று அவரும் போன் பண்ணிக் கேட்கவில்லை.